காட்சியும் சாட்சியும்



மலைக்குச் செல்வோர் அங்கே கண்டு வருவது எதனை? காணாது விட்டு வருவது எதனை? இரண்டு ஆண்டுகளுக்கு முன், காலாண்டு விடுமுறையில், நமது பங்கின் இளையோரோடும் மறைக்கல்வி மாணவரோடும் வால்பாறைக்குச் சென்று வந்தோம். அன்று முதல் இக்கேள்வி நம்மை விடாது தொடர்ந்து வருகின்றது. மறையுரைக்கு உரிய பொருளாக இதனை எண்ணவில்லை. எண்ணியிருந்தால் பீடத்தில் நின்று பிறருக்குச் சொல்லிவிட்டு அமைதி அடைந்திருப்போம். எழுத அமர்ந்ததற்குக் காரணமே அவ்வமைதி கிட்டாததுதான்.

நமது பங்கு கோவைக்குக் கிழக்கே, விசைத்தறியின் இரைச்சல் இரவும் பகலும் ஓயாத ஊரில் இருக்கின்றது. தறியின் ஓசையில்தான் இங்கே குழந்தைகள் உறங்குகின்றன. மின்சாரம் தடைப்பட்டுத் தறி நின்றால் திடுக்கிட்டு விழித்துக்கொள்கின்றன. அத்தகைய ஊரின் பிள்ளைகள் ஆழியாற்றைக் கடந்து மலைச்சாலையில் ஏறியபோது அடைந்த மகிழ்ச்சியை விவரிக்கச் சொற்கள் போதா. நாற்பது கொண்டை ஊசி வளைவுகளையும் ஒவ்வொன்றாக உரக்க எண்ணிக்கொண்டே வந்தனர். பாறை விளிம்பில் வரையாடு ஒன்று அசையாமல் நின்றதைக் கண்டு பேருந்து முழுவதும் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கீழே அணையின் நீர் ஒரு கண்ணாடித் துண்டு போலத் தெரிந்தது. பின் இருக்கையிலிருந்த சிறுவன் ஒருவன், "பாதர், இங்கே சத்தமே இல்லை" என்றான். அவன் சொன்ன பிறகே அந்த அமைதி நமக்கும் கேட்டது.

வால்பாறை நகரைத் தாண்டி ஒரு தேயிலைத் தோட்டத்தின் ஓரம் பேருந்துகளை நிறுத்தினோம். சாரல் தூறிக்கொண்டிருந்தது, பச்சை விரிப்பின்மீது பனிமூட்டம் நகர்ந்தது. இளைஞர்கள் செடி வரிசைகளுக்குள் இறங்கிப் புகைப்படம் எடுக்கத் தொடங்கினர். அங்கே பெண்கள் சிலர் கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்தனர். அவர்களுள் ஒருவர், தலையில் மஞ்சள் துணி கட்டி, இடுப்பில் பிளாஸ்டிக் விரிப்பைச் சுற்றியிருந்தவர், படம் எடுக்கும் திசைக்கு நேராக நின்றார். நமது பாடகர் குழுவைச் சேர்ந்த இளைஞன் ஒருவன் பணிவாகவே சொன்னான்: "அக்கா, கொஞ்சம் தள்ளி நின்னுக்குங்க, படத்துல வர்றீங்க."

அவர் மறுபேச்சின்றித் தாம் கிள்ளிக்கொண்டிருந்த வரிசையை விட்டு இரண்டு வரிசை தள்ளிச் சென்று நின்றார். நாம் பேருந்தின் படியருகே நின்று இதனைக் கண்டோம், கேட்டோம். ஒன்றும் சொல்லவில்லை.

சிறிது நேரத்தில் அதே இளைஞன் அலறினான். காலில் அட்டை ஏறியிருந்தது. சமவெளிப் பிள்ளைகளுக்கு அட்டை புதிது. அனைவரும் துள்ளிக் குதித்துச் சாலைக்கு ஓட, அந்த அம்மாள் வரிசைகளைக் கடந்து அவனருகே வந்தார். சுருக்குப்பையிலிருந்து விரல் நுனியில் சுண்ணாம்பு எடுத்து அட்டையின்மீது தடவினார். அது சுருண்டு விழுந்தது. "பயப்படாதீங்க தம்பி, ரத்தம் கொஞ்ச நேரம் வரும், கழுவுனா நின்னுரும்" என்றார். அப்போதுதான் நமது வெள்ளை அங்கியைக் கவனித்தார் போலும். ஈரக் கைகளைக் குவித்து, "தோத்திரம் சாமி, எந்தப் பங்குங்க சாமி?" என்று கேட்டார். ஊரின் பெயரைச் சொன்னோம். வழக்கம்போல் கையுயர்த்தி ஆசி வழங்கினோம். மேலேயிருந்து யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். ஓட்டுநரும் ஒலிப்பானை அழுத்தினார். புறப்பட்டுவிட்டோம். அவருடைய பெயரைக் கேட்கவில்லை.

நடந்தது இவ்வளவே. இதில் பாவம் எங்கே என்று வாசகர்கள் வினவலாம். குருமடத்தில் அறநெறி இறையியல் பயின்ற நாள்களில் நாம் மனப்பாடம் செய்த பட்டியல்கள் எவற்றிலும் இதற்கு இடமில்லை. இளைஞன் மரியாதையாகவே பேசினான். 'அக்கா' என்றே அழைத்தான். அந்த அம்மாளுக்குக் காயமில்லை, இழப்பும் பெரிதில்லை. கொழுந்துக்கு நாளொன்றுக்கு இத்தனை கிலோ என்று கணக்கு உண்டென்பதையும், வரிசை மாறி நிற்பது அந்தக் கணக்கில் குறையும் என்பதையும் பின்னரே அறிந்தோம். எனினும், ஒப்புரவு அருளடையாளத்தில் எவரேனும் இதனை வந்து சொல்லியிருந்தால், 'இது மனக்கலக்கம், பாவமன்று' என்று தேற்றி அனுப்பியிருப்போம் என்றே தோன்றுகின்றது. நம்மை நாமே அவ்வாறு தேற்ற முயன்றோம், இயலவில்லை.

அழகைப் பற்றி மெய்யியல் வகுப்பில் முதலில் கற்பிக்கப்படுவது, கண்ட அளவிலேயே இன்பம் தருவது அழகு என்னும் புனித தோமா அக்குவினாரின் இலக்கணம். அழகை உடைமையாக்க வேண்டியதில்லை, உண்ண வேண்டியதில்லை, காண்பதே போதும். ஆதலால் அது தூய்மையான இன்பம் என்று நமது பேராசிரியர் விளக்குவார். அன்று அதனை முழுமையாக ஏற்றோம். இன்று ஒரு சிறு ஐயம். காண்பதற்காக நாம் யாரையேனும் விலகி நிற்கச் சொல்லியிருந்தால், அந்த இன்பம் தூயதுதானா?

மலையேறுதலைப் பற்றிப் பேசும் ஐரோப்பியர் தவறாமல் குறிப்பிடும் ஒரு நாள் உண்டு. 1336-ஆம் ஆண்டு ஏப்ரல் 26. அன்று இத்தாலியக் கவிஞர் பெட்ரார்க், பிரான்சின் தென்பகுதியிலுள்ள மோன் வாந்தூ என்னும் மலைமீது தம் தம்பியோடும் இரண்டு பணியாளரோடும் ஏறினார். காட்சியைக் காண்பதன்றி வேறு நோக்கம் அவருக்கு இருக்கவில்லை. உச்சியில் நின்று ஆல்ப்ஸ் மலைகளையும் ரோன் ஆற்றையும் கண்டு வியந்தபின், கையோடு கொண்டு சென்றிருந்த புனித அகுஸ்தினாரின் நூலைத் திறந்தாராம். மாந்தர் மலைகளையும் கடலலைகளையும் விண்மீன்களையும் கண்டு வியக்கச் செல்கின்றனர், தம்மைத் தாம் காண மறக்கின்றனர் என்னும் பொருள்படும் பகுதி கண்ணிற்பட்டது. பெட்ரார்க் வெட்கமுற்று, ஒரு சொல்லும் பேசாமல் மலையிறங்கினார்.

குருமடத்தில் ஆண்டுத் தியானம் கொடுக்க வந்த ஒருவர் வாயிலாக இந்நிகழ்ச்சியைக் கேட்டோம். வெளியே பார்ப்பதை விட்டு உள்ளே பார் என்பதே அதன் பாடமாக அன்று சொல்லப்பட்டது. வால்பாறையிலிருந்து திரும்பியபின் பெட்ரார்க்கின் அந்த மடலை மீண்டும் தேடிப் படித்தோம். அதில் தியானத் தந்தை சொல்லாது விட்ட ஒருவர் இருக்கின்றார். மலைச்சரிவில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த முதியவர் அவர். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் தாமும் அம்மலையின்மீது ஏறியதாகவும், முட்களிலும் பாறைகளிலும் உடலும் உடையும் கிழிந்ததே கண்ட பயன் என்றும் எடுத்துரைத்து, வேண்டாம் என்று அவர் தடுக்கின்றார். இவர்கள் கேட்கவில்லை, தேவையற்ற சுமைகளை அவரிடமே ஒப்படைத்துவிட்டு ஏறுகின்றனர். அதன்பின் மடலில் அவருக்கு வேலையில்லை. பெயரும் இல்லை. பெட்ரார்க் மலையைப் பார்த்தார். பிறகு தம்மைத் தாமே பார்த்தார். இரண்டுக்கும் நடுவே, மூட்டையைக் காத்துக்கொண்டு சரிவில் அமர்ந்திருந்த மனிதர் அவர் பார்வைக்குள் வந்து, வந்த வேகத்தில் வெளியேறிவிட்டார். அகுஸ்தினாரின் கடிந்துரை பெட்ரார்க்கை உள்நோக்கித் திருப்பியது சரியே. பக்கவாட்டில் திரும்ப அவருக்குக் கற்றுக்கொடுப்பார் அன்று யாருமில்லை.

இது ஐரோப்பாவின் பழங்கதை. அண்மைக் காலத்தில் நடந்ததொன்றையும் சொல்ல வேண்டும். நமது பங்கைச் சேர்ந்த முதிய தம்பதியர், அமெரிக்காவில் பணிபுரியும் தம் மகனோடு அந்நாட்டின் தென்பகுதியிலுள்ள டென்னசி மாநிலத்திற்குச் சென்று வந்து, படங்களைக் காட்டினர். மூடுபனி மலைகள் என்னும் பொருளில் 'கிரேட் ஸ்மோக்கி' எனப்படும் அம்மலைத்தொடர் பேரழகு வாய்ந்தது. செடிகொடிகள் வெளியிடும் ஆவியால் தொலைவிலிருந்து நீலமாகத் தோன்றும். நமது நீலமலை நினைவுக்கு வந்தது. அப்படங்களுள் ஒன்று நம்மை நிறுத்தியது. கேட்ஸ் கோவ் என்னும் பசும்பள்ளத்தாக்கில், வெண்மையான சிறு மரக்கோயில் ஒன்று, அருகே கல்லறைகள், ஆனால் மக்கள் வாழும் வீடு ஒன்றும் இல்லை. "பங்குமக்கள் இல்லாத கோயிலா?" என்று கேட்டோம். அந்த அம்மாள், "கூட்டம் நிறைய வருதுங்க சாமி, எல்லாம் பார்க்க வர்றவங்கதான்" என்றார்.

விசாரித்து அறிந்தது இது. அம்மலைகளில் வாழ்ந்த செரோக்கி மக்களுள் பெரும்பாலோர் 1838-இல் படைபலத்தால் வெளியேற்றப்பட்டு, மேற்கே வெகுதொலைவுக்கு நடத்திச் செல்லப்பட்டனர். வழியில் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். அவர்கள் வாழ்ந்த மலைகளில் வெள்ளையர் உழவர்களாகக் குடியமர்ந்தனர். பின்னர், டென்னசி, வட கரோலினா ஆகிய இரு மாநிலங்களிலும் பரவிய அம்மலைகளில் 1934-இல் தேசியப் பூங்கா அமைந்தபோது, ஆயிரத்துக்கும் மேற்பட்ட நில உரிமையாளர்கள் தம் நிலத்தை விட்டு அகல நேர்ந்தது. பள்ளத்தாக்கிலிருந்த பழைய மரக்கட்டை வீடுகள் சில பேணப்பட்டன. புதுப்பாணி வீடுகள் பல இடிக்கப்பட்டன. அவை பார்ப்பவரின் கண்ணில் பழமைத் தோற்றத்தைக் கெடுத்தன போலும். இன்று அமெரிக்காவிலேயே மிகுதியான மக்கள் வந்து காணும் தேசியப் பூங்கா அதுவே. ஆண்டுக்கு ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் வருகின்றனர்.

காடு பிழைத்தது, கரடியும் பிழைத்தது, அதனை நாம் குறைத்துப் பேசவில்லை. மரம் வெட்டும் நிறுவனங்களின் கையில் விட்டிருந்தால் அம்மலைகள் மொட்டையாகியிருக்கும் என்பதும் உண்மையே. ஆயினும் அந்தக் கோயிலின் படத்தைக் காணும்போதெல்லாம் நமது பாடகர் குழு இளைஞனின் குரலே காதில் ஒலித்தது. கொஞ்சம் தள்ளி நின்னுக்குங்க, படத்துல வர்றீங்க.

நமது மலைகளின் வரலாறு இதற்கு விலக்கன்று. வால்பாறையின் பச்சை விரிப்பு இயற்கையின் கொடை என்று எண்ணுவோர் உளர். நமது மறைக்கல்வி மாணவரும் அவ்வாறே எண்ணினர். ஆதியில் அங்கிருந்தது மழைக்காடு. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து அக்காடு வெட்டப்பட்டுக் காப்பியும் தேயிலையும் நடப்பட்டன. நட்டவர்கள் சமவெளியின் வறண்ட ஊர்களிலிருந்து, கங்காணிமார் கொடுத்த முன்பணத்துக்குக் கட்டுண்டு, மலைப்பாதையில் நடந்தே ஏறிவந்த ஏழைகள். மலேரியாவிலும் குளிரிலும் மாண்டோர் எத்துணைப் பேர் என்று எவரும் கல்வெட்டுப் பொறிக்கவில்லை. ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராகப் பணியாற்றிய பி. எச். டேனியல், அம்மக்களிடம் கேட்டறிந்தவற்றைக் கொண்டு ஆங்கிலத்தில் ஒரு புதினம் எழுதி 1969-இல் வெளியிட்டார். இரா. முருகவேள் அதனை 'எரியும் பனிக்காடு' என்னும் பெயரில் தமிழுக்குத் தந்தார். 2013-இல் வெளிவந்த 'பரதேசி' திரைப்படம் அதனைத் தழுவியது. சுற்றுலாச் செல்வோர் கையில் வரைபடத்தோடு அந்நூலையும் கொண்டு செல்வது நன்று. நாம் கொண்டு செல்லவில்லை. திரும்பி வந்த பிறகே படித்தோம்.

டாப்சிலிப்பின் கதை வேறு. கப்பலுக்கும் இரயில் பாதைக்கும் தேக்கு மரங்கள் வெட்டப்பட்டு, மேலிருந்து சமவெளி நோக்கிச் சறுக்கிவிடப்பட்ட இடமாதலால் அப்பெயர் வந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அழிந்துகொண்டிருந்த அக்காட்டை மீட்டவர் ஹியூகோ வுட் என்னும் வன அலுவலர். கைத்தடியால் மண்ணைக் குத்தித் தேக்கு விதைகளை இட்டுக்கொண்டே நடப்பார் என்று இன்றும் சொல்வர். 1933-இல் காலமான அவர், தாம் வளர்த்த மரங்களின் நடுவிலேயே அடக்கம் செய்யப்பட்டார். அவரைக் காண வேண்டுமாயின் சுற்றிலும் பார் என்னும் பொருள்படும் இலத்தீன் வாசகம் கல்லறையில் உள்ளது. இலண்டனின் புனித பவுல் பேராலயத்தைக் கட்டிய கிறிஸ்டோபர் ரென்னின் கல்லறையிலும் அதே வாசகம் உண்டு. குருமட இலத்தீன் பயன்பட்ட மிகச் சில தருணங்களுள் அதனைப் படித்ததும் ஒன்று. அவர் மாண்புமிக்கவர், அதில் ஐயமில்லை. ஆயினும் சுற்றிலும் பார்த்தால் தெரிவது அவர் ஒருவர் மட்டுந்தானா? குழி தோண்டியவர், நாற்று சுமந்தவர், யானையை நடத்தியவர் எங்கே? கோழிகமுத்தி யானை முகாமில் மலசர் இன மக்கள் இன்றும் யானைகளோடு வாழ்கின்றனர். காடர், மலசர், மலைமலசர், முதுவர், புலையர், எரவாளர் என அம்மலையில் ஆறு பழங்குடிகள் உள்ளனர். 2007-இல் ஆனைமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டபோது அவர்கள் காட்டுக்குப் புதிதாய் வந்தவர்கள் அல்லர்.

கல்லார்க்குடியைச் சேர்ந்த காடர் குடும்பங்கள் 2019-ஆம் ஆண்டு மழையில் மண் சரிந்து குடியிருப்பை இழந்தன. பாதுகாப்பான இடம் வேண்டித் தெப்பக்குளமேட்டில் நிலம் கேட்டனர். தம் முன்னோர் நடந்த காட்டிலேயே ஒரு துண்டு நிலத்துக்காகப் போராடிக் காத்திருந்து, 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தின்கீழ் 2021-இல் பட்டா பெற்றனர். நாம் வால்பாறைக்குச் சென்றபோது அச்செய்தி நமக்குத் தெரியாது. அருவிகளின் பெயர்கள் மட்டும் தெரிந்திருந்தன.

இங்கே நமது பங்கு மக்களுக்காகவும் வாதாட வேண்டியவர்களாய் இருக்கின்றோம். இத்தகைய கட்டுரைகளைப் படிக்கும் கற்றோர் சிலர், 'ஆம், இந்தக் கூட்டம் மலைக்குப் போவதே தவறு' என்று எளிதில் முடிவு கட்டுவர். நெகிழிக் குப்பை, மதுப்புட்டி, ஒலிபெருக்கி எனக் குற்றப்பத்திரிகை நீளும். அவை மெய்யே. புதுத்தோட்டத்தின் சிங்கவால் குரங்குகள் மர உச்சியை விட்டிறங்கி, சாலையோரத் தின்பண்டத்துக்குப் பழகி, வண்டிகளில் அடிபட்டதும் மெய்யே. உயர்நீதிமன்ற ஆணைப்படி 2024 மே முதல் உதகைக்கும் கொடைக்கானலுக்கும், 2025 நவம்பர் முதல் வால்பாறைக்கும் செல்லும் வண்டிகளுக்கு இணையவழி அனுமதிச்சீட்டு கட்டாயமானதும் நியாயமே. ஆயினும், ஆண்டெல்லாம் தறியின் முன் நின்று காது மந்தமான தொழிலாளி, ஒரே ஒரு நாள் தன் பிள்ளைக்கு மேகத்தைக் காட்ட விரும்பினால், அவன் விருப்பத்தை இழிவாகப் பேச யாருக்கும் உரிமையில்லை. தனியார் விடுதியில் பத்து நாள் தங்கி 'மௌனத்தை அனுபவிப்பவர்' அவனை எள்ளுவதை நம்மால் பொறுக்க இயலாது. படைப்பின் அழகு செல்வர்க்கு மட்டும் எழுதி வைக்கப்பட்ட சொத்தன்று. அந்தச் சிறுவன் அமைதியைக் கேட்டானே, அதனை அவனுக்கு மறுக்க வேண்டும் என்று சொல்லும் அறம் எதுவாயினும் அதனை நாம் ஏற்கமாட்டோம்.

எனவே கேள்வி, போவதா வேண்டாமா என்பதன்று. போய் நிற்கும்போது எப்படிப் பார்ப்பது என்பதே.

அன்று காலை ஆழியாற்றை நெருங்கும் முன், ஒரு தென்னந்தோப்பின் ஓரம் சிற்றுண்டிக்காக நின்றிருந்தோம். தோப்பின் உரிமையாளரான முதியவர் இளநீர் வெட்டிக் கொடுத்தார். மலைமீது எத்தனை முறை போயிருக்கிறீர்கள் என்று பேச்சுவாக்கில் கேட்டோம். "ரண்டு தடவைதானுங்க சாமி, அதும் கல்யாணத்துக்கு. ஆனா தெனமும் காலையில எந்திரிச்சா மொதல்ல அதைத்தானுங்க பாக்கறது" என்றார். ஆனி, ஆடியில் மேற்கே மேகம் இறங்குகிறதா என்று அவர் பார்க்கின்றார். அங்கே பெய்தால் அணை நிறையும்; வாய்க்காலில் நீர் வரும். அரபிக்கடலை நோக்கி ஓடும் ஆறுகளை அணைகளாலும் சுரங்கங்களாலும் கிழக்கே திருப்பும் பரம்பிக்குளம் - ஆழியாறு திட்டம், கோவை, திருப்பூர் மாவட்டங்களில் 4 இலட்சம் ஏக்கருக்கும் மேலான நிலத்துக்கு நீர் தருகின்றது. சின்னக்கல்லாற்றில் பெய்யும் மழைதான் பொள்ளாச்சித் தென்னைக்குள் இளநீராக நிற்கின்றது என்று சொன்னால் மிகையன்று. அன்று நாங்கள் அதனைக் குடித்துவிட்டு, அது வந்த இடத்தை 'வேடிக்கை' பார்க்க ஏறினோம்.

அந்த உழவரின் பார்வையில் கடன் உணர்வு இருந்தது. தம் வாழ்வு எதைச் சார்ந்திருக்கிறதோ அதனை அவர் பார்த்தார். ஆகவே அதனைப் படம்பிடிக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை. கொழுந்து கிள்ளும் அந்த அம்மாளோ மலையை நிமிர்ந்து பார்ப்பதே அரிது. அவர் கண் செடியின்மீதும், செடியின் அடியிலும். அடியில் பாம்பிருக்கலாம், சிறுத்தை படுத்திருக்கலாம். 2025-இல், ஜார்க்கண்டிலிருந்து பிழைக்க வந்த தொழிலாளர் குடும்பம் ஒன்றின் சிறு குழந்தையைச் சிறுத்தை கவ்விச் சென்ற செய்தியை வாசகர்களும் படித்திருப்பீர்கள். பழைய தொழிலாளரின் பிள்ளைகள் படித்துச் சமவெளிக்கு இறங்கிவிட, அவர்களின் லைன் வீடுகளில் இன்று வடநாட்டு ஏழைகள் வந்து தங்கியிருக்கின்றனர். நம் கண்ணுக்கு விருந்தாகும் அதே புதர் அவர்களுக்கு அச்சம் தரும் இடமாகவும் இருக்கின்றது.

எல்லாரையும் ஒருசேரப் பார்க்கும் பார்வையும் அம்மலையில் இருக்கத்தான் செய்கின்றது. யானைகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் அமைப்பினர், வால்பாறையில் யானையால் மாண்டோர் பலர் அருகே யானை நிற்பதை அறியாமல் அந்தியில் நடந்து சென்றவர்களே என்பதைக் கண்டனர். யானை நிற்கும் இடத்தை உள்ளூர்த் தொலைக்காட்சியில் ஓடும் எழுத்துகளாகவும், கைப்பேசிக் குறுஞ்செய்தியாகவும் அறிவித்தனர். சிவப்பு விளக்குகளை உயரமான இடங்களில் பொருத்தி, யானை அருகிலிருந்தால் எரியச் செய்தனர். உயிரிழப்பு வெகுவாகக் குறைந்தது. அவர்கள் யானையைப் பார்த்தார்கள். யானையின் எதிரே இருட்டில் மளிகைப் பையோடு நடந்து வரும் பெண்ணையும் பார்த்தார்கள். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட 'லவுதாத்தோ சி' திருமடலில், மண்ணின் அழுகுரலையும் ஏழையின் அழுகுரலையும் ஒன்றாகக் கேட்கப் பணிக்கின்றார். அந்தச் சிவப்பு விளக்கைப் பொருத்தியவர்கள் அம்மடலைப் படித்தார்களோ என்னவோ. படித்த நாம் விளக்கு எதையும் பொருத்தவில்லை.

லூக்கா நற்செய்தியின் பத்தாம் அதிகாரத்தை எத்தனையோ முறை வாசித்து விளக்கியிருக்கின்றோம். எருசலேமிலிருந்து எரிகோவுக்கு இறங்கும் அந்தப் பாதையும் மலைப்பாதையே; வளைவும் சரிவும் நிறைந்தது. அடிபட்டுக் கிடந்தவரைக் குரு ஒருவர் காண்கின்றார். லேவியர் ஒருவர் காண்கின்றார். சமாரியர் ஒருவர் காண்கின்றார். மூவரும் காண்கின்றனர் என்பதை இத்தனை ஆண்டுகளாக நாம் அழுத்திப் படித்ததில்லை. குருவின் கண்ணில் குறையில்லை. அவர் நன்றாகவே கண்டார், பிறகு விலகிப் போனார். வால்பாறைச் சரிவில் நிகழ்ந்ததை அவ்வுவமையோடு வைத்துப் பார்த்தால் வரிசை சற்று மாறுகின்றது. விலகிப் போகும்படி சொல்லப்பட்டவர் அந்த அம்மாள். அலறல் கேட்டதும் விலகாமல் அருகே வந்தவரும் அவரே. எண்ணெய்க்கும் திராட்சை மதுவுக்கும் மாற்றாக அவரிடம் சுண்ணாம்பு இருந்தது. அங்கி அணிந்த குரு பேருந்தின் படியருகே நின்றார். இதனை எழுதும்போது கை கூசுகின்றது. எனினும் எழுதத்தான் வேண்டும்.

இறைவனைத் தன்னைக் காண்கின்றவர் என்று பெயரிட்டு அழைத்த முதல் ஆள், தொடக்க நூலில், ஆபிரகாமோ யாக்கோபோ அல்லர். வீட்டைவிட்டு ஓடிப் பாலைவனத்தில் நின்ற பணிப்பெண் ஆகார். வீட்டில் இருந்தவரை அவள் எல்லாருடைய கண்ணிலும் பட்டாள், எவராலும் காணப்படவில்லை. வானதூதர் அவளிடம் முதலில் செய்தது அவள் பெயரைச் சொல்லி அழைத்ததும், எங்கிருந்து வருகிறாய், எங்கே போகிறாய் என்று கேட்டதுமே. 'எந்தப் பங்குங்க சாமி?' என்று அந்த அம்மாள் நம்மிடம் கேட்டாரே, ஏறத்தாழ அதே கேள்வி. நாம் அவரிடம் திருப்பிக் கேட்டிருக்கலாம். கேட்க அரை நிமிடம் போதும். எந்த ஊரிலிருந்து அவருடைய பாட்டன் நடந்து வந்தான், எந்தக் கோயிலில் அவருக்குத் திருமுழுக்கு, பிள்ளைகள் எங்கே இருக்கின்றனர் என்பவையெல்லாம் தெரிந்திருக்கும். தெரிந்திருந்தால் அந்தச் சரிவு நம் நினைவில் வெறும் பச்சையாக நில்லாமல், ஒருவருடைய இடமாக நின்றிருக்கும். காட்சி கண்டவர் அதற்குச் சாட்சியாகவும் கடமைப்படுகின்றார் என்று இப்போது எண்ணுகின்றோம். சாட்சி சொல்பவர்க்குப் பெயர் தெரிந்திருக்க வேண்டும், நமக்குத் தெரியாது. அந்த ஞாயிறு திருப்பலியில் நம்பிக்கையாளர் மன்றாட்டின்போது அவருக்காகச் செபிக்க விரும்பினோம். 'மலைத் தோட்டங்களில் உழைப்போர் அனைவருக்காகவும்' என்று பொதுவாகச் சொல்லி முடித்தோம்.

அன்றெடுத்த படங்களுள் ஒன்றைப் பெரிதாக்கிப் பங்கின் அறிவிப்புப் பலகையில் இளையோர் ஒட்டினர். இளைஞர் பன்னிருவர், பின்னே தேயிலை, அதற்கும் பின்னே மூடுபனி. வலது ஓரத்தில் ஒரு மஞ்சள் துணியின் நுனியும், கொழுந்தை நோக்கி நீண்ட ஒரு கையும் தெரிகின்றன. அவ்வளவு தள்ளி நின்றும் அவர் படத்தில் வந்திருந்தார். ஓரத்தை வெட்டிவிட்டு ஒட்டலாமா என்று ஒருவன் கேட்டான். முன்னர் அவரைத் தள்ளி நிற்கச் சொன்ன இளைஞனே, வேண்டாம் என்று தடுத்துவிட்டான். நாம் அவனிடம் அதுவரை இதைப்பற்றி ஒன்றும் பேசியிருக்கவில்லை.

இவ்வாண்டு காலாண்டு விடுமுறைக்கும் இளையோர் மலைக்கே செல்ல விரும்புகின்றனர். அனுமதிச்சீட்டுக்கு விண்ணப்பிக்கும் பொறுப்பை அந்த இளைஞன் ஏற்றிருக்கின்றான். அங்குள்ள பங்குத் தந்தைக்கு மடல் ஒன்று எழுதியுள்ளோம்: தோட்டத் தொழிலாளருக்கு எந்த நாள் ஓய்வு நாள், அன்று அவர்களோடு திருப்பலியில் பங்கேற்று, இயலுமாயின் உணவும் கொள்ள முடியுமா, பாடல்களுக்கு நமது பாடகர் குழு வரலாமா என்று. மஞ்சள் துணி கட்டிய அம்மாளைப் பற்றியும் எழுதினோம். அடையாளமாகச் சொல்ல, சுண்ணாம்பைத் தவிர வேறொன்றும் நம்மிடம் இல்லை. பதில் இன்னும் வரவில்லை.